கிரேன் வரும் முன்: பழைய சீகாக்கைப் பிரித்துத் துடைப்பதா, மாற்றுவதா, துளையையே அடைப்பதா?

டொரொன்டோவைச் சுற்றி ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் பல பாய்மரப் படகுக் கிளப்புகளில், குளிர்காலம் முழுக்கத் தரையில் முட்டுக்கொடுத்து நிறுத்திய படகுகளை ஒரே வார இறுதியில் இறக்கிவிடுவார்கள். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வாடகைக் கிரேன் வரும். பட்டியலில் உங்கள் படகின் நேரம் காலை 10.20 என்றால் 10.20தான். பனி உருகித் தார்ப்பாயைக் கழற்றியதிலிருந்து கிரேன் வரும்வரை கையில் இருப்பவை நாலைந்து வார இறுதிகள். படகின் அடியிலுள்ள துளைகளைப் பற்றிய முடிவு அதற்குள் எடுக்கப்பட வேண்டும்.

முப்பதடிப் படகில் இப்படிப்பட்ட துளைகள் வழக்கமாக ஐந்தாறு இருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுப்பது, சமையல் தொட்டிக் கழிவு, கழிவறைக்குத் தண்ணீர் எடுப்பது, கழிவறை வெளியேற்றம், படகோட்டி உட்காரும் காக்பிட்டில் விழும் மழைநீர் வடிகால். ஒவ்வொன்றிலும் வெளியே காளான் தலை வைத்த குழாய் ஒன்று படகின் உடலான ஹல்லைத் துளைத்து உள்ளே வரும், அதுதான் த்ரூ-ஹல். அதன்மேல் உட்கார்ந்து தண்ணீரை மூடித் திறக்கும் வால்வு சீகாக். ஒன்றரை அங்குலத் துளை ஒன்று நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே திறந்துகொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 200 லிட்டர் உள்ளே வரும். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு, பெட்டியில் மணிக்கு 1000 கேலன் என்று போட்டிருந்தாலும், ஏற்றமே இல்லாமல் ஓடினாலும் நிமிடத்துக்கு 63 லிட்டரைத் தாண்டாது.

"கைப்பிடி லேசாகத் திரும்புகிறதே, வால்வு நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கைப்பிடி திரும்புவதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: அந்தத் தண்டு திரும்புகிறது. உள்ளே தண்ணீரை அடைக்கும் உருண்டையும் சேர்ந்து திரும்புகிறதா, முழுக்க மூடுகிறதா, உலோகத்தில் இன்னும் வலு இருக்கிறதா என்பதெல்லாம் வேறு கேள்விகள். இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கல்லாக இறுகிப்போன கூம்பு வகை சீகாக்கைப் பார்த்து, போச்சு என்று தூக்கி எறிகிறார்கள்; ஒரு மணி நேரம் தேய்த்தால் அது இன்னும் முப்பது வருடம் ஓடும். ஆகவே கடைக்குப் போகும் முன் ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். எந்த வழி என்பது அங்கே தெரியும்.

இருப்பது எந்த வகை?

வட்டக் கைப்பிடியைப் பல சுற்றுச் சுற்றித் திறக்கும் கேட் வால்வு என்றால் ஒப்பீடே தேவையில்லை, எடுத்துவிடுங்கள். அது வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்காகச் செய்தது. பழைய கேட்டலினா படகுகளில் இன்னும் சிலவற்றில் பித்தளையில் கிடக்கும். உள்ளே தகடு அரித்துத் தண்டிலிருந்து கழன்றபிறகும் சக்கரம் மட்டும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். பாதி மூடியபோது ஒரு சிப்பித் துண்டு அடியில் சிக்கினாலும் வெளியிலிருந்து தெரியாது.

கூம்புச் செருகி வகை அடுத்தது. நம் வீடுகளில் பித்தளை ட்ரம்மில் பூட்டியிருந்த பழைய திருகுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள், அதே அமைப்பு. கூம்பான வெண்கலச் செருகி ஒன்று கூம்பான கூட்டுக்குள் உட்கார்ந்து கால் சுற்று திரும்பும். இங்கிலாந்தின் பிளேக்ஸ், அமெரிக்காவின் ஸ்பார்ட்டன், பழைய வில்காக்ஸ்-கிரிட்டெண்டன் ஆகியவை இந்த வகை. அமெரிக்க நிறுவனமான க்ரோகோவின் பழைய எஸ்வி வரிசையில் உலோகக் கூம்புக்குப் பதில் ரப்பர் செருகி இருக்கும். பக்கவாட்டுத் திருகைத் தளர்த்திய பிறகே அதன் கைப்பிடியைத் திருப்ப வேண்டும்.

இன்று அதிகம் இருப்பது பால் (ball) வால்வு: துளையிட்ட உருண்டை ஒன்று உள்ளே கால் சுற்று திரும்பும். இதில் இரண்டு ரகம் உண்டு, வித்தியாசம் பெரியது. ஒன்றில் வால்வின் அடியிலேயே அகலமான பீடம் இருக்கும். ஹல்லோடு மூன்று போல்ட்டில் நிற்கும். உண்மையான சீகாக் என்றால் இதுதான். மற்றதில், கடையில் வாங்கிய பால் வால்வை நேரே த்ரூ-ஹல்லின் மேல் திருகிவிட்டிருப்பார்கள். வட அமெரிக்காவில் த்ரூ-ஹல்லின் மரை நேரானது, என்பிஎஸ். சாதாரண வால்வின் மரை கூம்பானது, என்பிடி. இரண்டும் பொருந்துவது போலவே தோன்றும், ஆனால் இரண்டு மூன்று சுற்றுக்குமேல் பிடிக்காது. பிடித்தவரை பிடிக்கட்டும் என்று நீளமான வால்வும் அதன்மேல் கனமான ஹோஸும் அந்த இரண்டு சுற்று மரையில் தொங்கும்.

அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் எச்-27 விதி, சீகாக்கின் உள்முனையில் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ சுமையை 30 விநாடி தாங்க வேண்டும் என்கிறது. மூன்று பெரியவர்கள் சேர்ந்து அதன்மேல் சாய்வது போல. பீடம் வைத்த சீகாக்கை ஒழுங்காகப் பொருத்தினால் தாங்கும். த்ரூ-ஹல்லில் நேரே திருகிய வால்வு தாங்கும் என்று நம்ப வழியில்லை. ஐரோப்பாவில் கட்டிய படகு என்றால் இன்னொரு கவலையும் சேர்கிறது. ஐஎஸ்ஓ 9093 தரம் ஐந்து வருடச் சேவைக்காலத்துக்குள் பழுதாகாத உலோகம் போதும் என்று விட்டுவிட்டதால், அங்கே சாதாரணப் பித்தளையிலேயே த்ரூ-ஹல்லும் வால்வும் போட்ட படகுகள் நிறைய. பார்வைக்கு வெண்கலம் போலவே மின்னும்.

ஐந்தாவது, காம்போசிட்: கண்ணாடி நார் கலந்த நைலான். ஃபோர்ஸ்பாரின் மாரலான், நியூசிலாந்தின் ட்ரூடிசைன் இரண்டும் பரவலாகக் கிடைப்பவை.

அரை மணி நேரச் சோதனை

வெளியே த்ரூ-ஹல்லின் காளான் தலையில் பாசித் தடுப்புப் பெயின்டைச் சிறிது சுரண்டி, கத்தி முனையால் உலோகத்தைக் கீறுங்கள். கீறல் மஞ்சள் பொன்னிறமாகத் தெரிந்தால் நல்லது. செம்பு போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய்விட்டது. பித்தளைச் சொம்பைப் புளியில் அதிக நேரம் ஊறவிட்டால் செந்நிறம் ஏறுமே, அதே வேதியியல்தான். சொம்பில் அது மேல்தோலோடு நின்றுவிடும். வருடக்கணக்கில் தண்ணீரில் கிடந்த மரையில் உள்வரை போய், மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. சாதாரணப் பித்தளையில் ஏறத்தாழ 40 சதவீதம் துத்தநாகம். நல்ல சீகாக் வார்க்கும் 85-5-5-5 வெண்கலத்தில் செம்பு 85, வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் ஒவ்வொன்றும் 5; கரைந்துபோக அதில் அதிகமில்லை. ஒன்டாரியோ ஏரி நன்னீர் என்பதால் இந்த அரிப்பு கடலைவிட மெதுவாகவே நடக்கும். ஆனால் படகு எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அட்லான்டிக் கரையில் இருபது வருடம் கிடந்துவிட்டு ஏரிக்கு வந்த படகுகளும் இருக்கின்றன.

மேலே படிந்த பச்சைக் களிம்பைக் கண்டு பயப்பட வேண்டாம். களிம்பு மேலோடு போகும் விஷயம். மரையைச் சுற்றி மட்டும் வட்டமாகப் பச்சை கசிந்திருந்தால் அது களிம்பு இல்லை, ஒழுக்கின் தடம்.

அடுத்து, சிறு சுத்தியால் வால்வைத் தட்டுங்கள். நல்ல வெண்கலம் மணி போல ஒலிக்கும். உள்ளே உளுத்தது தட் என்று அடங்கும். பிறகு உடம்புப் பாரத்தைக் கொடுத்து நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் கதை முடிந்தது. உடைந்துவிடுமோ என்று தயங்காதீர்கள்: உடைவதாக இருந்தால் தரையில் உடையட்டும்.

வசந்தத்தில் தனியாகப் பார்க்க வேண்டியது உறைபனி விரிசல். மூடிவைத்த பால் வால்வில் உருண்டையின் துளைக்குள்ளும் அதைச் சுற்றிய இடுக்கிலும் கொஞ்சம் தண்ணீர் சிறைப்படும். உறையும்போது 9 சதவீதம் விரியும். போக இடமில்லாமல் வால்வின் உடலை மயிரிழையாகப் பிளக்கும். இலையுதிர்காலத்தில் படகைத் தூக்கியதும் வால்வைத் திறந்துவைத்தோ, உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ப்ரோப்பிலீன் கிளைக்காலை ஊற்றி நாலு தடவை மூடித் திறந்தோ விட்டிருந்தால் பயமில்லை. மூடியே விட்டிருந்தால் உடலை ஸ்பிரிட்டால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பரப்பு ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். விரிசல் இருந்தால் அது மட்டும் ஈரக்கோடாக நிற்கும்.

கிளாம்புகளுக்கு ஒரு காந்தம் போதும். பட்டை நல்ல துருப்பிடிக்காத எஃகாக இருந்து திருகு மட்டும் மலிவான எஃகாக இருப்பது சகஜம். காந்தம் திருகில் ஒட்டினால் 316 தரக் கிளாம்பாக மாற்றுங்கள்.

முதல் வழி: பிரித்துத் துடைத்து அங்கேயே விடுவது

கூம்பு வகைக்கு இதுதான் சரியான வழி, பெரும்பாலும் ஒரே வழியும்கூட. பூட்டு நட்டைக் கழற்றி, அடுத்த நட்டை இரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்க எடுத்துவிட்டால் தட்டும்போது மரை நசுங்கும். நட்டின்மேல் மரக்கட்டை வைத்துத் தட்டினால் செருகி எதிர்ப்பக்கம் நகரும். பிறகு நட்டை எடுத்துச் செருகியை உருவுங்கள். பிளேக்ஸில் நட்டுக்குப் பதில் இரண்டு போல்ட்டில் நிற்கும் தகடு இருக்கும். அதைக் கழற்றினால் செருகி மேலே வரும்.

பழைய கிரீஸைத் துடைத்து, செருகியின் மேல் பென்சிலால் மேலிருந்து கீழாக எட்டுக் கோடு போடுங்கள். கூட்டில் வைத்து ஒரு கால் சுற்று திருப்பி எடுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் கிரீஸ் போட்டு மாட்டலாம். அழியாத இடம் இருந்தால் அங்கே இடைவெளி. எஞ்சின் மெக்கானிக்குகள் பயன்படுத்தும் நைஸ் ரக வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டை மெல்லப் பூசி, முன்னும் பின்னுமாக அரைச் சுற்று இருபது தடவை தேய்த்து, தூக்கி, இடம் மாற்றி மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டு பரப்பும் ஒரே மங்கல் சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். இங்கேதான் பலர் ஆர்வக் கோளாறில் கெடுக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கச் செருகி இன்னும் கீழே இறங்கும். அளவுமீறினால் செருகியின் துளையும் கூட்டின் துளையும் நேர்கோட்டில் வராது, நட்டை இறுக்க மரையும் மிஞ்சாது. நகம் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான வளையக் கீறல்களைத் தேய்த்தே போக்குவேன் என்று உட்காராதீர்கள். மாற்றும் பட்டியலில் சேருங்கள்.

தேய்த்த பேஸ்ட்டில் ஒரு துளிகூட மிஞ்சக்கூடாது. கெரசினில் துணி நனைத்து, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, தண்ணீரில் கரையாத கெட்டியான சீகாக் கிரீஸைச் செருகி முழுக்கத் தடவி மாட்டுங்கள். கைப்பிடி கனமாக, ஆனால் ஒரே கையால் திரும்பும் அளவுக்கு நட்டை இறுக்கி, பூட்டு நட்டைப் போடுங்கள். ரப்பர் செருகிக்கு மட்டும் பெட்ரோலிய கிரீஸ் ஆகாது, ரப்பர் உப்பிவிடும், சிலிக்கோன் கிரீஸ்தான்.

பால் வால்வில் பிரிக்க ஒன்றும் இல்லை. அதன் வசதியும் குறையும் அதுவே. ஹோஸைக் கழற்றுங்கள். வராவிட்டால் இழுத்து மல்லுக்கட்டாமல் வெந்நீர்த் துணி சுற்றுங்கள். அப்போதும் வராவிட்டால் நுனியைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்து, ஹோஸை ஓரங்குலம் வெட்டிக்கொள்ளலாம். உள்ளே சீப்ரா சிப்பிகள் ஒட்டியிருக்கும். 1980களின் கடைசியில் இந்தப் பேரேரிகளுக்குள் வந்து சேர்ந்த விருந்தாளிகள். ஓட்டம் குறைவான உள்ளிழுக்கும் குழாய்கள் அவற்றுக்குப் பிடித்த இடம். மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டால் உருண்டையிலும் டெஃப்ளான் வளையத்திலும் கோடு விழும், அந்தக் கோட்டின் வழியே ஒழுகும். சுண்ணப் படிவுக்கு வெள்ளை வினிகரை அரை மணி நேரம் ஊற்றிவைத்துக் கழுவினால் போதும்.

வால்வை மூடிவிட்டு, வெளியிலிருந்து த்ரூ-ஹல் வழியாகக் குச்சியில் கிரீஸ் தடவி உருண்டைக்குப் பூசுங்கள், உள்பக்கமும் அப்படியே. பத்துப் பதினைந்து தடவை மூடித் திறந்தால் கிரீஸ் வளையங்களுக்குப் போய்ச் சேரும். பிறகு மூடி, மேல் வாயில் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வெளியே ஒரு சொட்டுக்கூட வரக்கூடாது. வந்தால் வளையம் தேய்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை, வால்வை மாற்ற வேண்டியதுதான்.

இறுகிய பால் வால்வின் கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகி நெம்புவது பழைய பழக்கம். பெரும்பாலும் தண்டுதான் முறியும். ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டு, ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். தீ உமிழும் டார்ச் வேண்டாம், சுற்றியிருப்பது ரெசின்.

இரண்டாம் வழி: வால்வை மட்டும் மாற்றுவது

காகிதத்தில் கணக்குப் போட்டால் மலிவான வழி. வால்வு கெட்டிருக்கிறது, த்ரூ-ஹல் நன்றாக இருக்கிறது, ஒன்றைக் கழற்றி இன்னொன்றைத் திருகினால் முடிந்தது. நடப்பது வேறு. வால்வை ரென்ச் போட்டுத் திருப்பும்போது பாதி நேரம் த்ரூ-ஹல்லும் சேர்ந்து திரும்பும். கால் அங்குலம் திரும்பினால் போதும், வெளியே காளான் தலைக்கடியில் ஒழுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் கிழிந்துவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் இறக்கியதும் தெரியும். அப்படித் திரும்பிவிட்டால் அது முழுக்க மாற்றும் மூன்றாம் வழியாக மாறிவிட்டது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். மேலே இன்னொரு சுற்றுச் சீலன்ட் பூசிச் சமாளிக்க முடியாது.

திரும்பாமல் பிடிக்க, த்ரூ-ஹல்லுக்குள் இருக்கும் இரண்டு காதுகளில் மாட்டும், படிக்கட்டு போல அளவு குறையும் ரென்ச்சை வெளியே ஒருவர் பிடிக்க, உள்ளே ஒருவர் வால்வைத் திருப்ப வேண்டும். தனியாளாகச் செய்யும் வேலை இல்லை இது.

இந்த வழி நிஜமாகவே எளிதாக இருப்பது ஒரே இடத்தில்: முன்பே யாரோ புண்ணியவான் பீட அடாப்டர் போட்டுவைத்திருந்தால். க்ரோகோவின் ஐபிவிஎஃப் இந்த ரகம். அடியில் த்ரூ-ஹல்லுக்கான நேர் மரை, மேலே வால்வுக்கான கூம்பு மரை, நடுவில் ஹல்லில் போல்ட் போடும் பீடம். பாரத்தைப் பீடம் வாங்கிக்கொள்வதால் வால்வை மட்டும் அடுத்தடுத்து மாற்றலாம், த்ரூ-ஹல் அசையாது. புதிதாகப் போடுகிறவர்களுக்கும் இதையே முதலில் பரிந்துரைப்போம். ஒற்றைத் துண்டாக வரும் சீகாக்கைவிட அரை அங்குலமோ ஒரு அங்குலமோ உயரம் கூடும். அந்த உயரத்துக்குத் தளத்தடியில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாம் வழி: முழுக்க மாற்றுவது, வெண்கலமா, காம்போசிட்டா

பழையதை எடுப்பது எளிய பகுதி. வெளியே காளான் தலையை ஆங்கிள் கிரைண்டரால் ஹல் மட்டத்துக்குத் தேய்த்துவிட்டால், மிச்சத்தை உள்ளே தள்ளிவிடலாம். நேரம் தின்பது அதன்பின் கண்ணில் படும் துளையின் ஓரம். 1970, 80களில் கனடாவிலேயே கட்டிய சி அண்ட் சி படகுகளில் பல மாடல்களுக்கு ஹல்லிலேயே பால்சா மரம் வைத்திருக்கிறார்கள். துளையின் ஓரத்தில் மரம் வெளிர் நிறமாகக் காய்ந்திருந்தால், சுற்றிலும் ஓரங்குலம் மரத்தைக் குடைந்தெடுத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, மறுபடி துளையிட வேண்டும். கருத்து, விரலில் ஈரம் ஒட்டினால், இந்த வசந்தத்தில் அந்தத் துளையைச் சரியாக முடிக்க முடியாமலும் போகலாம். முழுக்க மாற்றுவதா என்ற கேள்வியில் சீகாக்கின் விலையைவிட இந்த ஈரம்தான் பெரிய செலவு.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை. உள்ளே ஹல்லின் வளைவைச் சமன்செய்ய அரை அங்குல ஜி-10 கண்ணாடிநார்ப் பலகையை எபாக்ஸியில் ஒட்டுங்கள். பிளைவுட் ஈரம் குடித்தால் நசுங்கும். போல்ட்டுக்காக ஹல்லில் இன்னும் மூன்று துளை போட மனம் இல்லாதவர்கள் அந்தப் பலகையிலேயே மரை வெட்டிப் போல்ட் போடலாம், நன்றாகவே நிற்கும். ஹல்லைத் துளைத்தே போடுவதானால் சிலிக்கன் வெண்கலப் போல்ட். காற்றுப் படாத தண்ணீரடி இடுக்கில் ஸ்டெயின்லெஸ் அரிக்கும்.

சீலன்ட் இல்லாமல் ஒரு முறை முழுதாகப் பூட்டிப் பாருங்கள். த்ரூ-ஹல்லின் குழாய் நீளமாக இருந்தால், காளான் தலை ஹல்லைத் தொடும் முன்பே குழாய் வால்வின் அடியில் முட்டிவிடும்; இறுக்கினது போலத் தோன்றும், வெளியே சீலன்ட் அழுந்தியிருக்காது. புதிதாகப் பொருத்தியது ஒழுகுவதற்கு இது முக்கியமான காரணம். ஹாக்ஸா பிளேடால் தேவையான அளவு வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு சீலன்ட் பூசி, வால்வை அசைக்காமல் வெளியிலிருந்து த்ரூ-ஹல்லைத் திருப்பி இறுக்குங்கள். சுற்றிலும் சீராகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். 90 மி.லி. சிறு ட்யூப் ஒரு பொருத்தலுக்குப் போதும்.

சீலன்ட்டில் 3எம் 5200 ஒட்டினால் ஒட்டினதுதான். அடுத்த முறை எடுக்கிறவர் உங்களைச் சபிப்பார். 4200 அல்லது சிகாஃப்ளெக்ஸ் 291 இந்த வேலைக்குத் தாராளம். சாதாரண 5200 முழுக்க இறுக ஐந்து முதல் ஏழு நாள், அதுவும் அறை வெப்பத்தில். பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். ஏப்ரலின் குளிர்ந்த வறண்ட காற்றில் இன்னும் தள்ளும். சிலிக்கோன் சீலன்ட் நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

இனி உலோகமா, காம்போசிட்டா. காம்போசிட் அரிக்காது, கரன்ட் கடத்தாது, கனமில்லை. பக்கத்துப் படகின் மின்கசிவு பற்றிய கவலை கிடையாது. ஆனால் வருடம் முழுக்கத் தொடாமல் விட்டால் இறுகும். இறுகியதை வேகமாக இழுத்தால் கைப்பிடி முறியும். மாதம் ஒருமுறை எல்லா வால்வையும் மூடித் திறக்கும் ஆளுக்கு இதைவிட நல்லது இல்லை. செய்யமாட்டோம் என்று தெரிந்தவர்கள் வெண்கலத்தோடு இருப்பது மேல். அது அலட்சியத்தைக் கொஞ்சம் மன்னிக்கும். ட்ரூடிசைன் என்றால் பாரம் தாங்கும் கழுத்து வளையத்தையும் சேர்த்து வாங்குங்கள். ஏபிஒய்சியின் 500 பவுண்டு கணக்கு அதோடு சேர்ந்ததுதான். அதன் மரை பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவான பிஎஸ்பி. கையில் இருக்கும் என்பிடி ஹோஸ் முனை பொருந்துகிறதே என்று திருகினால் பிளந்துவிடும். கூம்பு மரை கொண்ட எந்த உலோக முனையையும் பிளாஸ்டிக் வாய்க்குள் இறுக்காதீர்கள். எஞ்சின் அறையில் மட்டும், தீயை நினைத்து, எங்கள் தேர்வு வெண்கலம்.

வெண்கலத்தில் படகின் உலோகங்களை மின்சாரமாக இணைக்கும் பச்சைக் கம்பி பூட்டியிருந்தால் அதன் முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். நன்னீரில், தான் அரிந்து மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாக அனோடு தன்மேல் ஓடு கட்டிக்கொண்டு வேலை செய்யாமல் கிடக்கும்; மக்னீசியம் அல்லது அலுமினியம் போடுங்கள்.

நான்காம் வழி: துளையை அடைத்துவிடுவது

கடையில் விற்பவர் சொல்லமாட்டார், ஆனால் சில துளைகளுக்கு இதுவே சிறந்தது. ஒன்டாரியோவில் கழிவறைக் கழிவை ஏரியில் விடக்கூடாது. தொட்டியில் சேர்த்துக் கரையில் பம்பு வைத்து எடுக்க வேண்டும். அப்படியானால் பழைய படகில் கழிவறை வெளியேற்றத்துக்காக இருக்கும் ஒன்றரை அங்குலத் துளைக்கு என்ன வேலை? பழைய ஆழமானி இருந்த துளையும் அப்படித்தான். இல்லாத சீகாக்குக்குக் கிரீஸ் தேவையில்லை. ஈரி கால்வாய் வழியாக ஹட்சனில் இறங்கிக் கடலுக்குப் போகும் திட்டம் இருந்தால் மட்டும், அங்கே அந்தத் துளை தேவைப்படுமா என்று யோசியுங்கள்.

மரக்கட்டை வைத்து மேலே பூசுவதைச் சொல்லவில்லை. தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு சரிவு வேண்டும். 12 மி.மீ. ஹல்லில் 38 மி.மீ. துளை என்றால், சுற்றிலும் 144 மி.மீ. சரிவாகத் தேய்த்து, ஏறத்தாழ 33 செ.மீ. அகல வட்டத்தில் அடுக்க வேண்டும். இரு திசையில் நார் ஓடும் பயாக்சியல் கண்ணாடிநார்த் துணி ஒரு அடுக்கு சுமார் 1 மி.மீ.; பன்னிரண்டு அடுக்கு ஆகும். எபாக்ஸியில்தான் செய்ய வேண்டும். பழைய பரப்பில் பாலியஸ்டர் அவ்வளவு பிடிக்காது. வெஸ்ட் சிஸ்டம் எபாக்ஸியை இறுக்கும் 205 ஹார்டனர் 4 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும், 206க்கு 15 டிகிரிக்குமேல் வேண்டும். ஏப்ரலில் ஹல்லின் வெப்பம் காற்றைவிடக் குறைவு என்பதை மறக்காமல், கூடாரம் கட்டி ஹீட்டர் வையுங்கள். இறுகியபின் மேலே மெழுகு போலப் படியும் படலத்தைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவிய பிறகே மணல்தாள் தேய்க்க வேண்டும்.

நாள் கணக்கு

நாலைந்து வாரமும் முழுதாக இருந்தால் எந்த வழியும் சாத்தியம். அடைக்க வேண்டியதை முதலில் எடுங்கள், வெப்பத்துக்காகக் காத்திருக்கும் வேலை அதுதான். இரண்டு வாரம் என்றால் முழு மாற்றத்தை ஒன்றிரண்டு துளைகளோடு நிறுத்துங்கள். எஞ்சின் உள்ளிழுப்பும் காக்பிட் வடிகாலும் முன்னுரிமை, காரணம் அவை இரண்டும் ஆள் இல்லாதபோதும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். ஒரே வார இறுதி மிச்சம் என்றால் பிரித்துத் துடைப்பதோடு நில்லுங்கள். சோதனையில் தோற்ற சீகாக் ஒன்று அப்போது கையில் இருந்தால், கிரேன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவது நல்லது. தனியாகக் கிரேன் கூப்பிடும் செலவு வலிக்கும்தான்.

கிரேன் பட்டையில் தொங்கும்போது

எல்லா சீகாக்கையும் மூடியே இறக்குங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், வால்வு உடைந்தால் துளையில் அடித்து அடைக்க, அளவான கூம்பு மென்மரக் கட்டை ஒன்று கயிற்றில் கட்டியிருக்கட்டும். படகு தண்ணீரைத் தொட்டதும், பட்டையைக் கழற்றும் முன், ஐந்து நிமிடம் கேளுங்கள். கிரேன் ஆட்களுக்கு இது பழக்கமான கோரிக்கை. டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு த்ரூ-ஹல்லின் அடியையும் சுற்றித் தொடுங்கள். விரலைவிடக் காகிதம் முதலில் ஈரத்தைச் சொல்லும். வால்வு மூடியிருக்கும்போது நனைந்தால் கோளாறு ஹல்லின் பொருத்தலில் இருக்கிறது: மேலே தூக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திறங்கள். அப்போது நனைந்தால் ஹோஸோ கிளாம்போ. கூம்பு வகையில் மெல்லச் சொட்டினால் நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கினால் நின்றுவிடும். கிரீஸ் தன் இடத்தில் படிய ஒரு நாள் எடுக்கும்.

மூடி இறக்குவதில் ஒரு ஆபத்து உண்டு. பின்னால் வரிசை காத்திருக்கிறது என்ற அவசரத்தில் உள்ளிழுப்பைத் திறக்காமலே எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டால், பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில நிமிடத்தில் காய்ந்து கிழியும். எஞ்சின் சாவியை அந்த சீகாக்கின் கைப்பிடியிலேயே மாட்டிவையுங்கள். அன்று மாலை ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை, அதே காகிதத்தோடு வந்து தொட்டுப் பாருங்கள்.